இரண்டு வீட்டில் ஒரு பெயர்

கள்ளக்குறிச்சி,
16.6.2025

மணிமொழிக்கு, ஆசீர்வாதம் எழுதுவது.

உன் போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. நீ இருக்கிற மலையில் சிக்னல் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் ஷைனி ஒரு நாள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "சிக்னலுமில்ல ஒண்ணுமில்லப்பா, உன்ன பிளாக் பண்ணிக்கீறாங்க" என்றாள். அதனால்தான் கடிதம். இருபத்தாறு வருடமாக ஊரார் பத்திரங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன், சொந்தமாக ஒரு கடிதம் எழுதி எத்தனை வருடமாயிற்று என்று நினைவில்லை. நடுவில் "மேற்படி", "இதன்கீழ் விவரித்த" என்று வந்து விழுந்தால் பொறுத்துக்கொள்.

கரியாலூர் எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? அந்த ஊர்ப் பெயரைப் பற்றி என் நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டாம், அதை விடு.

விடு என்று சொன்ன கையோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன திங்கட்கிழமை என்னிடம் முதலில் வந்த பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவர் பெயர் நாராயணசாமி, எழுதி வாங்குபவர் பெயரும் நாராயணசாமி. அவர்கள் எழுந்து போன அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் உன் அப்பா நாராயணசாமி. இப்படி ஏதாவது நடந்தால் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போகும். இதை ஒரு வியாதி என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பா ஒரு ஜெராக்ஸ் எடுக்க வந்தேன் என்றார். ஆனால் வந்த காரியம் அதுவல்ல, சந்தோஷத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். "பூமாலைக்கு சங்கராபுரம் பக்கம் பொண்ணு முடிவாயிடுச்சு ரைட்டரே. ஆவணில கல்யாணம். அவங்க வூட்ல பொம்பளப் புள்ளயே இல்ல. நாத்தனார் முடிச்சு போட எம் பொண்ணுதான் வரணும்னு அவங்கம்மா வந்து கேட்டுக்கினு போச்சு. பங்காளி வூட்டுப் பொண்ணு இருக்கசொல்ல வேற யாரு போடுவா?" என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பெருமைதான் இருந்தது. உனக்கும் பூமாலைக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்ததை அந்த மனிதர் சுத்தமாகத் துடைத்துப் போட்டுவிட்டார் போல.

மணிமொழி, முடியாது என்று சொல்லிவிடு. உடம்பு சரியில்லை என்று சொல், டியூட்டி என்று சொல். எதையாவது சொல்லி அந்த மணவறைக்குப் போகாமல் இருந்துவிடு. ஏன் என்று கேட்காதே.

இதைத் தபாலில் போடுவேனா என்பதே இன்னும் நிச்சயமில்லை.

அன்புடன்,
ஆசீர்வாதம்

*

கரியாலூர்,
23.6.2025

ரைட்டர் ஐயா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்களை மாமா என்று கூப்பிட்டுப் பழகிய வாய் இது. அதனால் எழுத ஆரம்பிக்கும்போது கொஞ்சம் தடுமாறினேன். ரைட்டர் ஐயா என்பதே சரி.

முடியாது என்று சொல்லச் சொல்கிறீர்கள், ஏன் என்று கேட்கக் கூடாது என்கிறீர்கள். அடுத்தவர் வீட்டுக் காரியத்தில் தீர்ப்பு மட்டும் சொல்லிவிட்டுப் போவது உங்களுக்குப் பழக்கம்தான்.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். போன வருடம் தை மாதம், எனக்கும் பூமாலைக்கும் பேச்சு முடிந்து பத்திரிகை அடிக்க வேண்டிய நேரம். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்க வேண்டும். அப்பாவுக்குத் தன் குலதெய்வம் எது என்றே தெரியாது. என் தாத்தா சின்ன வயதில் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எலவனாசூர்கோட்டைக்கு வந்து சேர்ந்தவர். எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தியாகதுருகத்தில் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, உங்கள் சாமி எது என்று அவர்கள் கேட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அறுபது வயது மனிதர். அடுத்த நாளே உங்களிடம் ஓடி வந்தார். பழைய பத்திரங்களில் இருக்கிற பெயர்களை வைத்தே யார் எந்தச் சாமியின் பிள்ளைகள் என்று சொல்லிவிடுவீர்கள் என்று இந்தப் பக்கமெல்லாம் உங்களைப் பற்றிப் பேச்சு.

எங்கள் வீட்டுப் பெயர்களை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டீர்கள். கொள்ளுத்தாத்தா பெயர் பூமாலை. பிறந்த மாதமே இறந்துபோன அத்தை பெயர் பூமாலையம்மாள். பூமாலை என்று இருந்தது அந்த இரண்டே பெயர். மலையடிவாரத்தில் ஓடைக்கரையில் இருக்கிற பூமாலையப்பன்தான் உங்கள் சாமி என்றீர்கள். "சாமி பேரா இல்லாங்காட்டி தலமுற தாண்டி இப்படி வராது நாராயணசாமி. மனுஷன் பொய் சொல்லுவான், பேரு சொல்லாது" என்றீர்கள். அப்பா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவர் அழுது முடிப்பதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கும் அதே சாமிதான். அவருக்குத் தாத்தா பெயரான பூமாலையை வைத்ததே அதற்காகத்தான். ஒரே சாமியைக் கும்பிட்டால் பங்காளி. பங்காளி வீட்டுப் பையன் எனக்கு அண்ணன். பத்திரிகை வைக்கச் சாமியைத் தேடினோம், சாமி கிடைத்தது, கல்யாணம் போயிற்று.

இப்போது அவருக்குத் தங்கையாக இருந்து முடிச்சுப் போடச் சொல்கிறார்கள். போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கொடுத்த முறைதானே. பிறகு ஏன் பதறுகிறீர்கள்?

மணிமொழி

*

கள்ளக்குறிச்சி,
1.7.2025

மணிமொழிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது தடவை, பத்திரம் எழுதுவது போலவே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். அப்படி எழுதினால்தான் என் கை பொய் சொல்லாது.

தை பத்தாம் தேதி உன் அப்பாவிடம் பூமாலையப்பனைச் சொன்னேன். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை இங்கே தமிழ் மன்றக் கூட்டத்தில், பெயர்களை வைத்து ஒரு குடும்பத்துக்குத் தொலைந்துபோன சாமியைக் கண்டுபிடித்த கதையைப் பேசினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள், சால்வை போட்டார்கள். அதையே என் புத்தகத்துக்கு முதல் அத்தியாயமாகக் கொடுத்துவிட்டேன்.

தை பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, திருநாவலூரிலிருந்து ஒருவர் நிலம் விற்பதற்காகத் தாய்ப் பத்திரக் கட்டைக் கொண்டுவந்தார். அடியில் 1941ஆம் வருடத்துப் பத்திரம் ஒன்று இருந்தது. மையெல்லாம் பழுப்பேறிப்போன கையெழுத்து. எழுதிக்கொடுத்தவர் பூமாலை. மனைவி ரங்கம்மாள். மைனர் மகன் சுப்புராயன். "எங்கள் குலதெய்வமான ஏரிக்கரை வீரனார் கோயில் விளக்குக்கு" என்று இருபது சென்ட் நிலத்தை எழுதி வைத்திருக்கிறார்.

சுப்புராயன் உன் தாத்தா. ரங்கம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஊருக்கு வந்த அம்மா. உன் அப்பா எனக்குச் சொன்ன அதே மூன்று பெயர், அதே வரிசையில் இருந்தது. உங்கள் சாமி திருநாவலூர் ஏரிக்கரையில் இருக்கிறது. மலையடிவாரத்துக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு வீட்டில் ஒரே பெயர் இருந்தது, அவ்வளவுதான். எத்தனையோ பேருக்கு எத்தனையோ பெயர் இருக்கிறது. தற்செயலாக அமைந்த ஒன்றுக்கு நான் வம்சம் கட்டிவிட்டேன்.

இது தப்பு. ஆனால் இதை மட்டும் செய்திருந்தால் இவ்வளவு நாள் எனக்குத் தூக்கம் கெட்டிருக்காது.

தை கடைசி ஞாயிறு உங்கள் வீட்டில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பத்திரத்தைப் பார்த்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ரைட்டர் சொல்லட்டும் என்றார்கள். நான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பூமாலை, பூமாலையம்மாள் என்று முதலிலிருந்து சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன், மணிமொழி. புத்தகம் அச்சில் இருந்தது. சால்வை வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள்தானே, ஆளுக்கு வேறு இடம் அமைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, முத்திரையோடு அந்தப் பத்திரத்தின் நகலை எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு ஜெராக்ஸ் இத்துடன் இருக்கிறது. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இதை வைத்து நீ என்ன செய்தாலும் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கேட்கிறேன்.

ஆசீர்வாதம்

*

கரியாலூர்,
13.7.2025

ரைட்டர் ஐயா,

உங்கள் கவர் வந்தபோது ஊசி போடும் அறையில் இருந்தேன். ஒரு அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, உங்கள் ஜெராக்ஸைத் தரையில் போட்டு மிதித்தேன். பிறகு எடுத்துத் துடைத்து வைத்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசிய அன்றைக்கு எங்கள் வீட்டில் நீங்கள் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தீர்கள். நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். வெயிலில் வந்ததால் தாகம் போல என்று நினைத்தேன்.

உங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு என்று சொல்வீர்களே. செய்த பாவத்தைச் சாமியாரின் காதில் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று. நீங்கள் என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். இப்போது நான் அங்கே மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன செய்தாலும் எதிர்த்துப் பேச மாட்டேன் என்கிறீர்கள். நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துப் பார்த்தீர்களா?

அப்பா ஒண்டியாள். கூடப் பிறந்தவர் யாருமில்லை. ஊரில் ஒரு தகராறு என்றால்கூட அவர் பக்கம் வந்து நிற்க ஆள் இருக்காது. போன வருடம் மலையடிவாரத்தில் கிடா வெட்டியபோது, தலைக்கட்டுக்கு ஒரு கூறு என்று கறியைப் பிரித்து, அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள். மந்தார இலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அரைக் கிலோகூட இருக்காது. "எம் பேரு சொல்லி ஒரு கூறு போட்டாங்க மணி" என்று சொல்லிச் சொல்லி, இலையைப் பிரிக்காமலே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததே, அப்போது யார் பார்த்தார்கள் தெரியுமா? அந்தப் பங்காளிகள். ரத்தம் கொடுக்க ஆறு பேர் வண்டி பிடித்து வந்தார்கள். வெட்டுப் பருவத்தில் நின்ற கரும்பை வந்து வெட்டி ஆலைக்கு அனுப்பினார்கள். பூமாலையும் வந்தார். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து முதுகு துடைத்துவிட்டார். நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் முன்னால் முதல் தடவையாக அப்போதுதான் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினேழு மாதமாக அவரை அண்ணன் என்று நினைக்கப் பழகியிருக்கிறேன். அது எவ்வளவு அசிங்கமான வேலை என்று உங்களுக்குத் தெரியாது. அவர் ஞாபகம் வந்தாலே, அண்ணனைப் போய் இப்படி நினைக்கிறாயே என்று என்னையே காறித் துப்பிக்கொள்வேன். மலைக்கு மாற்றல் கேட்டு வந்ததும் அதற்காகத்தான். நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று இப்போது ஒரு தாளை அனுப்புகிறீர்கள்.

இதைக் காட்டினால் என் அப்பாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. காட்டாவிட்டால் நான் அந்த மணவறையில் போய் நிற்க வேண்டும். நீங்கள் பெரிய எழுத்தாளர் ஆயிற்றே, எது என்று எழுதுங்கள்.

மணிமொழி

*

கள்ளக்குறிச்சி,
22.7.2025

மணிமொழிக்கு,

உன் கடிதத்தை வாசித்த அன்றைக்கே, நானே போய் உன் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று புறப்பட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மறுபடியும் கிளம்பினேன். இந்தத் தடவை எலவனாசூர்கோட்டையில் இறங்கி உங்கள் கரும்புக் கொல்லை வரைக்கும் போய்விட்டேன்.

உன் அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்றார். நாலைந்து பேர் கரும்பில் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர்களைக் கூப்பிட்டார். "டேய், இங்க வாங்கடா. எனக்கு அண்ணந்தம்பிய குடுத்த மனுஷன் வந்துக்கீறாரு பாருங்க" என்றார். அவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கும்பிட்டார்கள். அதில் ஒருவர் என் காலைத் தொடக் குனிந்துவிட்டார்.

சொல்வதற்கு என்னென்னவோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "இன்னா ரைட்டரே, ஒரு மாதிரி கீறீங்க, வெயிலா?" என்று கேட்டு, நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். குடித்தேன். மத்தியானம் சாப்பாடும் போட்டார்கள். கருவாட்டுக் குழம்பு. அதையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

எனக்கு வெட்கம் இல்லாமல் போய்விட்டது என்று நீ நினைக்கலாம். வெட்கம் இருக்கிறது. தைரியம்தான் கிடையாது. இந்த ஊரில் ஆயிரக்கணக்கான பேருடைய பெயருக்கு வேர் தேடியிருக்கிறேன். என் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கு, நன்றாக இருக்கட்டும் என்று பங்குச்சாமியார் வைத்த பெயர் ஆசீர்வாதம். அது எனக்கு வந்தது. நான் போன வீடு எப்படி ஆயிற்று என்று பார்.

நீ சொல்லிவிடு என்று ஒரு வரி எழுதினால் போதும். இந்தத் தடவை நேராகத் தியாகதுருகத்துக்கே போகிறேன். பூமாலை வீட்டில், அவன் அம்மாவுக்கு முன்னால், நகலை எடுத்து வைத்துச் சொல்கிறேன். உன் வாயால் ஒரு உத்தரவு வேண்டும். அது வந்தால் என் கால் நடக்கும் என்று நம்புகிறேன்.

ஆசீர்வாதம்

*

கரியாலூர்,
4.8.2025

ரைட்டர் ஐயா,

உத்தரவு கேட்கிறீர்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பேசும்போது யாருடைய உத்தரவைக் கேட்டீர்கள்?

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓபி முடிகிற நேரத்தில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு வாங்கவில்லை. என்ன என்று கேட்டேன். அந்தப் பெண் எழுந்து, "நான்தாங்க கோமுகி" என்றாள். பூமாலைக்கு முடிவாகியிருக்கிற பெண். நாத்தனாருக்குப் பெண் வீட்டில் சேலை எடுத்துக் கொடுக்கிற வழக்கத்துக்காக, மலை பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பொன் வண்டு நிறத்தில் பட்டுச் சேலை. அவள் பெயருக்கு அர்த்தம் தேடி எனக்கு எழுதாதீர்கள். கோமுகி அணைக்கட்டுப் பக்கம் பிறந்ததால் அந்தப் பெயர், அவ்வளவுதான்.

வாந்திக்கு ஒரு மாத்திரை கொடுத்து உள்ளே படுக்க வைத்தேன். அம்மா வெளியே போனதும் பேச ஆரம்பித்தாள். "அக்கா, எனக்கு முன்ன ஒரு எடம் பேசி, பத்திரிகை குடுத்தப்பறம் நின்னுபோச்சு. எதனாலன்னு இன்னி வரைக்கும் ஒருத்தரும் சொல்லல. ரெண்டு வருசம் நான் வூட்ட வுட்டே வெளிய வரல. இது நல்லா நடந்துடுமாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம்.

நடக்கும் என்று சொன்னேன்.

உங்கள் தாள் அப்போது என் மேஜை டிராயரில் இருந்தது. அவள் படுத்திருந்த கட்டிலுக்கும் அதற்கும் இரண்டடிகூட இருக்காது.

என் கல்யாணம் நின்றபோது நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும். அதையே இன்னொரு பெண்ணுக்கு, அதுவும் இரண்டாவது தடவையாக, என்னால் செய்ய முடியாது. அப்பா ஒரு காரணம் என்றால் இவள் இன்னொரு காரணம். பூமாலைக்கும் இதைத் தெரிவிக்கக் கூடாது. தெரிந்தால் அவர் பத்திரிகை அடித்ததையெல்லாம் பார்க்க மாட்டார், நேராக இங்கே வந்து நிற்பார். அவர் வந்து நின்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அதனால் சொல்லாதீர்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். கேட்டீர்களே, இதுதான் உத்தரவு.

மணிமொழி

*

கள்ளக்குறிச்சி,
12.8.2025

மணிமொழிக்கு,

நீ எழுதியபடியே ஆகட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஷைனிகூட, "இன்னாப்பா, இன்னிக்கி மொகம் தெளிவா கீது" என்று கேட்டாள். அப்புறம்தான் யோசித்தேன். நான் செய்த தப்பை மறைத்து வைக்கும் வேலையை நீ எடுத்துக்கொண்டாய். அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் உன்னிடமாவது இனிப் பொய் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்குப் பதிப்பாளர் கேட்டார். முதல் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். அதுதானே சார் எல்லாருக்கும் பிடித்தது என்றார். எடுத்தால்தான் பதிப்பு என்று சொல்லிவிட்டேன். இது ஒன்றுக்கும் ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

பூமாலை வீட்டிலிருந்து எனக்கும் பத்திரிகை வந்திருக்கிறது. அவன் அம்மாவே வந்து தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாள். நான் அங்கே வருவதை நீ விரும்ப மாட்டாய். ஆனாலும் வராமல் இருந்தால் ஓடி ஒளிந்தது போல இருக்கும். பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

ஆசீர்வாதம்

*

கரியாலூர்,
7.9.2025

ரைட்டர் ஐயாவுக்கு,

வந்திருந்தீர்கள். பார்த்தேன். பின் வரிசை என்று எழுதினீர்கள், அப்பா உங்களை விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து இரண்டாவது வரிசையில், பங்காளிகளுக்கு நடுவில் உட்கார வைத்தார். அவர் அன்றைக்குத் தடி இல்லாமல் நடந்தார். வந்தவர்களுக்கு எல்லாம் பன்னீர் தெளித்தது அவர்தான்.

நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்றேன். அவர் என்னை ஒரு தடவைதான் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். முகூர்த்தம் ஆகட்டும் என்றேன்.

உங்கள் சட்டைப் பையில் நீளமாக மடித்த தாள் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வயலட் முத்திரையும் லேசாகத் தெரிந்தது. வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதியவர், அதை எதற்காகக் கொண்டுவந்தீர்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பயந்தேன் என்றுதான் எழுத நினைத்தேன். அது முழு உண்மை இல்லை.

கெட்டி மேளம் கொட்டினார்கள். அவர் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றை என்னிடம் விட்டார். நான் விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். ஆனால் கயிற்றைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்த்தேன். எழுந்திருங்கள் என்று நினைத்தேன். மனசார நினைத்தேன். எழுந்து, இவள் அவனுக்குத் தங்கை இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதற்கப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நினைத்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. வாந்தி எடுத்துக்கொண்டே சேலை கொண்டுவந்தவள் எனக்கு முன்னால் கழுத்தைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இவள் கல்யாணம் நின்று போகட்டும் என்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நினைத்தேன்.

நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். நான் என்ன கேட்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்தது. புரியவில்லை என்று தயவுசெய்து எழுதாதீர்கள். உங்கள் கை பைக்குப் போனது. தாளைத் தொட்டீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அட்சதை போட எழுந்தார்கள். நீங்களும் எழுந்தீர்கள். எழுந்து, இன்னொரு கையில் வைத்திருந்த அரிசியைப் போட்டீர்கள்.

நான் சொன்னபடிதான் நீங்கள் நடந்துகொண்டீர்கள். அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. இத்தனை மாதமும் நடந்ததற்கெல்லாம் உங்கள் மேல் பழி போட்டுக்கொண்டு இருந்தேன். அப்படி இருந்ததால்தான் ராத்திரியில் தூங்க முடிந்தது என்று இப்போது தெரிகிறது. இனி அதுவும் முடியாது.

கொஞ்சம் நேரமாகிவிட்டது போல. யாரோ, "இன்னாம்மா நின்னுக்கினு கீற, போடு" என்றார்கள். மேளச் சத்தத்தில் கோமுகி தலையைக் குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அக்கா, நல்லா இறுக்கிப் போடுங்க. அவுந்துடுமோன்னு பயமா கீது" என்றாள்.

இறுக்கித்தான் போட்டேன். இரண்டு முடிச்சையும்.

மணிமொழி